பிலிமில் விழுந்த வலை

சட்டதிட்டங்கள் என்றால் எனக்கு ஒரு தனிப் பிரியம். அதற்காக வீட்டில் நிறைய ஏச்சு வாங்கியிருக்கிறேன். வேலணையில் எங்கள் குசினியில் உப்புப் போத்தலை எடுத்த இடத்தில் திருப்பி வைக்காதவர்களோடு அன்று முழுதும் பேசமாட்டேன். "இவளைக் கட்டப்போறவன் கையெழுத்து வைச்சுப்போட்டுத்தான் சோறு தின்ன வேண்டிவரும்" என்று தமையன் சொல்லிச் சிரிப்பான். சிரிக்கட்டும். அப்படிப்பட்ட எனக்குத்தான், எழுபதுகளின் நடுப்பகுதியில், தீவுப்பகுதியில் ஒரு சிறிய ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வந்த எக்ஸ்றே இயந்திரத்தைப் பொறுப்பேற்கும் வேலை கிடைத்தது. கொழும்பில் படித்து, தெற்கே எங்கேயோ இரண்டு வருடம் வேலை பார்த்து, கடைசியில் வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் ஒரு வேலை. சந்தோசத்தில் முதல் நாள் இறங்கவேண்டிய இடத்தைத் தாண்டி ஒரு மைல் போய்விட்டேன்.

அந்த இயந்திரம் வரும்வரை, தீவில் கை முறிந்தாலும் கால் முறிந்தாலும் பஸ் ஏறி, கடலுக்கு நடுவே போகும் தெருவில் குலுங்கிக் குலுங்கி யாழ்ப்பாணம் போகவேண்டும். முறிந்த எலும்பு போகும் வழியிலேயே இன்னும் கொஞ்சம் முறியும். ஆகவே இயந்திரம் வந்திறங்கிய அன்று சனம் திருவிழாப் பார்க்க வந்ததுபோல வந்து நின்றது. நான் பார்த்தது இயந்திரத்தையல்ல. அதோடு வந்த, றோணியோ மெசினில் படியெடுத்த கடதாசிக் கட்டைத்தான். முழுக்க ஆங்கிலத்தில், இலக்கமிட்ட விதிகள். இரண்டு நாளில் பாடமாக்கிவிட்டேன்.

விதிகளில் பாதி, கதிர் எங்கள் உடம்பில் படுகிறதா என்று பார்ப்பதைப் பற்றியது. இயந்திரத்தோடு வேலை செய்யும் ஒவ்வொருவரும் நெஞ்சில் ஒரு பாட்ஜ் குத்தவேண்டும். தீப்பெட்டி அளவு பிளாஸ்ரிக் கூடு, அதற்குள் காகிதத்தில் சுற்றிய சின்னப் பிலிம் துண்டு. கதிர் பட்டால் பிலிம் கறுக்கும். மாத முடிவில் எல்லாவற்றையும் பதிவுத் தபாலில் கொழும்புக்கு அனுப்பவேண்டும். அவர்கள் கழுவிப் பார்த்து, யாருக்கு எவ்வளவு பட்டது என்று எழுதி அனுப்புவார்கள்.

எங்கள் ஆஸ்பத்திரிக்கு நாலு பாட்ஜ் வந்தன. ஒன்று டொக்டருக்கு, ஒன்று எனக்கு, ஒன்று எக்ஸ்றே அறையில் உதவிசெய்யும் அற்றென்டன் அண்ணைக்கு. நாலாவது யாருக்கும் இல்லை. அதை இயந்திரத்துக்குத் தூரமாக, பூட்டிய, ஈரமில்லாத இடத்தில் சும்மா வைத்திருக்கவேண்டும். வெயில், சூடு, தபால் பயணம் எல்லாவற்றாலும் எந்தப் பிலிமும் கொஞ்சம் கறுக்கத்தான் செய்யும். நாலாவது எவ்வளவு கறுத்ததோ அதை எங்கள் மூன்றிலும் கழித்தால், மிச்சம்தான் இயந்திரம் தந்தது. அதற்கு நான் வைத்த பெயர் சாட்சி. சாட்சி கெட்டால் வழக்கே கெட்டது என்று அண்ணைக்கு விளங்கப்படுத்தினேன்.

அண்ணையைப் பற்றிச் சொல்லவேண்டும். நாரந்தனைப் பக்கத்துக் கத்தோலிக்கர். நாற்பத்தைந்து வயதிருக்கும். சகோதரங்கள் எல்லாரும் கடலுக்குப் போக, இவர் மட்டும் ஆஸ்பத்திரிக்கு வந்தவர். பாட்ஜ் குத்திய முதல் ஞாயிறே அதை வெள்ளைச் சேட்டில் குத்திக்கொண்டு கோயிலுக்குப் போய்விட்டார். அரசாங்கம் அவருக்குப் பதக்கம் குடுத்ததென்று பூசை முடிந்ததும் ஆளாளுக்குக் கைகுலுக்கியிருக்கிறார்கள். திங்கட்கிழமை நான் பிடித்த பிடியில் மனுசன் நடுங்கிவிட்டார். "இனி அது ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டாது மிஸ்ஸி" என்று தன் தலையில் தானே கைவைத்துச் சத்தியம் செய்தார். அவரில் நெடுநேரம் கோபப்பட யாராலும் முடியாது.

கார்த்திகை மழை தொடங்கியது. சாட்சியை என் மேசை லாச்சியில்தான் பூட்டி வைத்திருந்தேன். கடற்காற்றும் மழையும் சேர்ந்து லாச்சி மரமே ஊறிவிட்டது. அந்த மாதம் கொழும்பிலிருந்து வந்த கடிதத்தில் இரண்டு வரி: நாலாவது பாட்ஜில் ஈரக்கறை, வைக்கும் இடத்தைக் கவனிக்கவும். எனக்கு வந்த முதல் குறை. அவமானத்தில் மத்தியானச் சாப்பாடு இறங்கவில்லை. ஆஸ்பத்திரி முழுக்க உலர்ந்த இடம் தேடி அலைந்தேன். மாத்திரைகளே நமுத்துப்போகும் காலம்.

"இதுக்கை வையுங்கோ மிஸ்ஸி" என்றார் அண்ணை. மருந்தறை இரும்பு அலுமாரியின் மேல்தட்டிலிருந்து ஒரு பிஸ்கற் தகரத்தை இறக்கினார். மூடியைச் சுற்றித் துணிநாடா. திறந்தால் அடியில் வறுத்த அரிசி, அதற்கு மேல் காகித உறைகளில் மாண்டில்கள், பெற்றோமக்ஸ் விளக்கில் திரிபோலக் கட்டும் துணிகள். அவர் கோயிலின் விளக்குப் பொறுப்பாளர். அப்போது வெளிநாட்டுச் சாமான்கள் இறக்குமதி இல்லாத காலம். மாண்டில் கிடைப்பது குதிரைக்கொம்பு. கோயில் அறையோடு அந்த வருடம் வீடும் ஒழுகுகிறது என்று, டொக்டரிடம் கேட்டு, அந்த மழைக்குத்தான் தகரத்தை மருந்து அலுமாரிக்குக் கொண்டுவந்திருந்தார். "முந்தி எங்கட வீட்டிலை, கட்டிலுக்குக் கீழைதான் கிடந்தது. மூண்டு வருசம். ஒரு பூஞ்சணம் பிடிக்கேல்லைப் பாருங்கோ."

நான் ஒரு உறையைத் திறந்து தொட்டுப் பார்த்தேன். மொறுமொறுவென்று இருந்தது. விதிகள் கேட்டவை எல்லாம் அங்கே இருந்தன: அலுமாரிக்குப் பூட்டு, தகரத்துக்குள் உலர்ச்சி, இயந்திரத்துக்கு மூன்று சுவர் தூரம். சாட்சியை மாண்டில்களுக்கு நடுவே படுக்கவைத்து, நாடாவைச் சுற்றி, அலுமாரியைப் பூட்டி, திறப்பை என் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டேன். மார்கழி முழுதும் நிம்மதியாக நித்திரை கொண்டேன்.

தைமாதம் பதில் வந்தது. இந்தமுறை இரண்டு வரியல்ல, ஒரு முழுப் பக்கம். எங்கள் மூன்று பாட்ஜ்களையும்விடச் சாட்சி பலமடங்கு கறுத்திருக்கிறது. அதன்படி கணக்குப் பார்த்தால், எக்ஸ்றே அறையில் வேலை செய்த எங்களுக்குப் பட்ட கதிர் ஒன்றுமில்லாததிலும் குறைவு. இது நடக்க முடியாதது. அதற்கும் மேலாக, சாட்சிப் பிலிமில் வலை போன்ற ஒரு உருவம் விழுந்திருக்கிறது. காரணம் தெரியும்வரை இயந்திரத்தை இயக்கக்கூடாது, அதிகாரி ஒருவர் நேரில் வருவார்.

"பிலிமிலையும் வலையோ?" என்று டொக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். "இந்தத் தீவிலை எதைப் போட்டாலும் மீன்தான் பிடிக்கும்." நல்ல மனிதர், எதையும் பெரிதாக எடுக்கமாட்டார். "பிள்ளை, நீர் ஈரமெண்டு எழுதிவிடும். அவங்கள் நம்புவாங்கள்."

எழுதத்தான் உட்கார்ந்தேன். பாதி எழுதும்போது மண்டையில் உறைத்தது. ஈரம் என்று எழுதினால், இவ்வளவு ஈரமான இடத்துக்கு இயந்திரம் எதற்கு என்று கேட்பார்கள். வேறு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவார்கள். அதைவிட, அது பொய். கிழித்துப்போட்டுவிட்டு, "காரணம் தெரியவில்லை" என்று மட்டும் எழுதி அனுப்பினேன். இயந்திரத்தின் மேல் வெள்ளைச் சீலை போர்த்தினேன். கோபத்தில் அதை நாலு பக்கமும் ஊசி குத்தி இழுத்தேன்.

அண்ணை கதவடியில் நின்றார். வழக்கமான சிரிப்பு இல்லை.

"மிஸ்ஸி, அப்ப திங்கட்கிழமை படம் எடுக்க ஏலாதோ?"

அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. அவருடைய மனைவிக்கு, நான் அக்கா என்று கூப்பிடுபவருக்கு, இரண்டு மாதமாக இருமல். உடம்பும் மெலிந்துபோயிருந்தது. டொக்டர் வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும் எல்லாருடைய மனதிலும் காசநோய்தான் இருந்தது. நெஞ்சுப் படம் எடுத்தே ஆகவேண்டும். யாழ்ப்பாணத்துக்குப் போகமாட்டேன் என்று அக்கா ஒற்றைக்காலில் நின்றார். அவருடைய தகப்பனை அங்கே கொண்டுபோய்த்தான் பெட்டியில் கொண்டுவந்தார்கள். "எங்கட ஆஸ்பத்திரியெண்டால் வாறன்" என்று அண்ணை வாங்கிய சம்மதத்துக்கு நாள் குறித்திருந்தது அந்தத் திங்கட்கிழமை.

"ஏலாது அண்ணை" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. விதியை எண்ணி முதன்முதலாகக் கசந்தது அன்றைக்குத்தான்.

பத்து நாள் போனது. அக்காவின் இருமல் போகவில்லை. அதிகாரி வந்த நாள், அண்ணையின் கோயில் கொடியேற்றத்துக்கு முதல்நாள். ஆள் இளைஞர், தடித்த மூக்குக்கண்ணாடி, சிங்களவர். எங்களோடு ஆங்கிலத்திலும் இடையிடையே பொறுக்கியெடுத்த தமிழிலும் பேசினார். நயினாதீவு விகாரைக்குப் போக ஆசைப்பட்ட தாயையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். அந்த அம்மா டொக்டர் வீட்டில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்க, இவர் மத்தியானப் படகுக்கு முன் எங்கள் வேலையை முடிக்கவேண்டும். வெளியே வாங்கில் அக்கா உட்கார்ந்திருந்தார். இயந்திரத்துக்கு அனுமதி கிடைத்தால் உடனே படம் எடுத்துவிடலாம் என்று அண்ணை அழைத்து வந்திருந்தார். "கொடியேற்றத்துக்குப் பலகாரம் சுடவேணும், நான் இஞ்சை வந்து குந்திக்கொண்டிருக்கிறன்" என்று அவர் வாங்கோடு சண்டைபிடித்துக்கொண்டிருந்தார்.

அதிகாரி ஒரு பெட்டியிலிருந்து கதிர் அளக்கும் கருவியை எடுத்தார். அதை நேரே சுவரிடம் கொண்டுபோகவில்லை. முதலில் பற்றரி பார்த்தார். பிறகு முள் சரியாகப் பூச்சியத்தில் நிற்கிறதா என்று பார்த்தார். பிறகு சிறிய ஈயக் குப்பியைத் திறந்து, உள்ளே இருந்த பொட்டளவு கதிர்வீசும் பொருளைக் கருவிக்குக் காட்டினார். முள் எழும்பி, முன்பே சிவப்பில் கீறியிருந்த கோட்டில் வந்து நின்றது. கொப்பியில் எழுதினார். அளக்க முன்னும் இப்படிப் பார்க்கவேண்டும், அளந்த பின்னும் பார்க்கவேண்டும், இரண்டும் ஒத்தால்தான் நடுவில் அளந்தது செல்லும் என்றார். எனக்கு அந்த மனிதரை அப்படியே பிடித்துப்போயிற்று. உப்புப் போத்தலை எடுத்த இடத்தில் வைக்கிற ஆள்.

சுவர், கதவு, இருட்டறை, நான் நிற்கும் மறைப்பு, வெளி வாங்கு எல்லாம் அளந்தார். ஒரு குறையும் இல்லை. என் உடம்பில் உயிர் வந்தது. மருந்தறை மேசைக்கு வந்து கருவியை வைத்து, கடைசிச் சோதனைக்காக ஈயக் குப்பியைத் திறந்தார்.

முள் சிவப்புக் கோட்டைத் தாண்டிப் போய் நின்றது.

அவர் முகம் மாறியது. திரும்பவும் பார்த்தார். அதேதான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கருவியில் பிழை போலிருக்கிறது, அப்படியென்றால் காலையிலிருந்து அளந்த எதுவும் செல்லாது, கொழும்புக்குப் போய் வேறு கருவி கொண்டுவர இன்னும் ஒரு மாதமாவது ஆகும் என்றார்.

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சமல்ல. ஒரு மாதம்! வெளியே அக்கா இருமியது கேட்டது. அதிகாரியோடு வாதாட வாயெடுத்தேன், முடியவில்லை. அவர் இடத்தில் நானிருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

அவர் சோர்ந்துபோய்க் குப்பியை மூடினார். மூடினால் கருவி அடங்கவேண்டும். அடங்கவில்லை. டிக், டிக், டிக் என்று தன்பாட்டில் சத்தமிட்டது. நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். அந்த நேரம் பார்த்து, கொடியேற்றத்துக்கு விளக்குகள் ஆயத்தம் செய்யவேண்டும் என்று அலுமாரியிலிருந்து இறக்கி மேசையில் வைத்திருந்த தகரத்தை அண்ணை தூக்கிக்கொண்டு வாசலுக்கு நடந்தார். டிக்டிக் மெல்ல மெல்லக் குறைந்தது.

அதிகாரி கருவியைத் தூக்கிக்கொண்டு இரண்டடி வைத்தார். சத்தம் கூடியது. அண்ணை திரும்பிப் பார்த்து, கருவி தன் வயிற்றை நோக்கி வருவதைக் கண்டு பின்னால் நடந்தார். அதிகாரி முன்னால் நடந்தார். அண்ணை விறாந்தையில் ஓட்டமும் நடையுமாகப் போக, அதிகாரி டிக்டிக்கோடு துரத்த, பின்னால் நான். வாங்கில் இருந்த நோயாளிகள் எல்லாரும் எழும்பிவிட்டார்கள்.

"மிஸ்ஸி! இந்தாள் என்னை என்ன செய்யப்போறார்?"

"அண்ணை, அசையாமல் நில்லுங்கோ! தகரத்தைக் கீழை வையுங்கோ!"

வைத்தார். நாடாவை நானே அவிழ்த்தேன். மூடி திறந்ததும் கருவி பொரிகடலை பொரிவதுபோல வெடித்தது. அதிகாரி ஒரு மாண்டிலை விரல் நுனியில் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். சின்னச் சின்னக் கண்கள் பின்னிய துணி. தன் பையிலிருந்து எங்கள் சாட்சிப் பிலிமை எடுத்து அதன் பக்கத்தில் பிடித்தார். அதே கண், அதே பின்னல். பிறகு தரையிலேயே உட்கார்ந்து, கண்ணீர் வரச் சிரித்தார்.

மாண்டில் வெள்ளை வெளேரென்று எரிவதற்காக அதைத் தோரியம் என்ற ஒன்றின் உப்பில் தோய்க்கிறார்கள். அது தானாகவே கதிர் வீசும். விளக்கைக் கொளுத்துபவருக்குப் பயப்படும் அளவு இல்லை என்றார் அதிகாரி. ஆனால் ஒரு பிலிமை அதன் நடுவில் ஒரு மாதம் படுக்கவைத்தால் அது தன் படத்தைத் தானே எடுத்துவிடும். கருவியிலும் பிழையில்லை, மேசையில் இருந்த தகரம்தான் முள்ளைத் தள்ளியிருக்கிறது. தகரத்தை வெளியே மாமரத்தடியில் வைத்துவிட்டு, திரும்பவும் குப்பியைத் திறந்து காட்டினார். முள் சிவப்புக் கோட்டில், அசையாமல் நின்றது. எனக்குக் கைதட்ட வேண்டும்போல இருந்தது. தட்டியும்விட்டேன்.

"நாலாவது பாட்ஜை அதற்குள் வைத்தது யார்?" அறிக்கையில் எழுதவேண்டுமாம்.

"நான்தான் ஐயா" என்றார் அண்ணை உடனே. "மிஸ்ஸிக்குத் தெரியாது."

"பொய்" என்றேன். "வைச்சது நான். திறப்பும் என்னட்டைத்தான் இருந்தது." சேலைத் தலைப்பின் முடிச்சை அவிழ்த்துக் காட்டினேன்.

அதிகாரி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். காரணம் என்ற கட்டத்தில் ஆங்கிலத்தில் ஏதோ எழுதி என்னிடம் நீட்டினார். அளவுக்கு மிஞ்சிய கவனம் என்று எழுதியிருந்தது. கீழே, இயந்திரத்தை இன்றே இயக்கலாம். கையெழுத்து. என் வேலைக்காலத்தில் எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டுப் பத்திரம் அதுதான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். தாயும் மகனும் படகுக்குப் புறப்பட்டார்கள். விசயம் கேள்விப்பட்ட அம்மா அண்ணையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே போனார்.

நான் சந்தோசத்தில் பறந்துகொண்டு இயந்திரத்தின் சீலையை உருவினேன். அண்ணை சுவரோடு சாய்ந்து நின்றார். முகம் வெளுத்திருந்தது.

"மிஸ்ஸி. மூண்டு வருசம் இது எங்கட கட்டிலுக்குக் கீழைதானே கிடந்தது. அவள்தான் அதுக்கு மேலை படுக்கிறவள். அவளின்ரை இருமல்..."

"இல்லை அண்ணை. அந்த ஐயா சொன்னவரெல்லே, அப்படி ஒண்டும் செய்யாதெண்டு."

"பிலிமுக்குச் செய்ததுதானே" என்றார்.

"பாட்ஜைக் குத்துங்கோ. அக்காவைக் கூட்டிக்கொண்டு வாங்கோ" என்றேன்.

அக்காவை நிறுத்தி, மூச்சைப் பிடிக்கச் சொல்லிப் படம் எடுத்தேன். மனுசி மூச்சைப் பிடித்தவர் விடச் சொல்லும்வரை விடவேயில்லை, இருமலும் பயந்து நின்றுவிட்டது. இருட்டறையில் பிலிமைக் கழுவினேன். காயாத பிலிமைக் கிளிப்பில் மாட்டி ஜன்னல் வெளிச்சத்துக்குப் பிடித்தேன். தண்ணீர் சொட்டியது. அண்ணை எனக்குப் பின்னால் வந்து நின்றார். அந்த மனிதர் ஒரு வருடமாக என்னோடு எத்தனையோ படங்களை வெளிச்சத்தில் பிடித்தவர். இதைப் பார்க்க மட்டும் அவரால் முடியவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டு கேட்டார்.

"மிஸ்ஸி, வலை ஒண்டும் இல்லையே?"

படத்தில் என்ன இருக்கிறது என்று டொக்டர் பார்க்குமுன் எக்ஸ்றே எடுப்பவர் யாருக்கும் சொல்லக்கூடாது. அது விதி. அந்த விதியை நான் படித்த நாளிலிருந்து ஒருமுறைகூட மீறியதில்லை. பெற்ற தாயின் முழங்கால் படத்துக்கும் டொக்டரைக் கேளுங்கோ என்றவள் நான்.

"ஒண்டும் இல்லை அண்ணை" என்றேன். "கண்ணைத் திறந்து பாருங்கோ. துப்புரவான நெஞ்சு."

பிறகு டொக்டரும் பார்த்து அதையேதான் சொன்னார், ஒரு போத்தல் இருமல் மருந்தும் எழுதிக்கொடுத்தார். ஆனால் அதற்கு முன்பே அண்ணை என் கையிலிருந்த ஈரப் பிலிமின் கீழ் நின்று, தலையில் தண்ணீர் சொட்டச் சொட்ட, குழந்தைபோல விம்மிக்கொண்டிருந்தார். நானும்தான். கதவுக்கு வெளியே அக்காவின் பொறுமை போய்விட்டது.

"இஞ்சேருங்கோ, முடிஞ்சுதெண்டால் நான் போகட்டோ? வீட்டிலை அரிசி ஊறுது."